செத்த பற்றரியின் வாக்குமூலம்

அத்தியாயம் ஏழு

கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு வீட்டைக் கண்காணிக்க மிகவும் மோசமான இடம், அந்த வீட்டுக்கு எதிரே நிறுத்திய கார்தான். யுத்தம் நடந்த அந்த வருடத்தில், நிறுத்திய காருக்குள் இரண்டு தமிழர் சும்மா இருந்தால் கொஞ்ச நேரத்தில் அவர்களை வேறு யாராவது கண்காணிக்கத் தொடங்கிவிடுவார்கள். ஆகவே துப்பறியும் கதிர்காமநாதன் ஒரு தந்திரம் செய்தார். பொனற்றைத் திறந்து வைத்து, கார் பழுதாகிவிட்டதாக நடித்தார்.

தந்திரம் அளவுக்கு மிஞ்சிப் பலித்தது. ஒழுங்கை முனைக் காவலரணில் நின்ற சிப்பாய் மறுபடியும் உதவிக்கு வந்துவிட்டான்.

“மொகத அய்யே, தவம ஸ்டார்ட் வென்னே நெத்த?” இன்னும் ஸ்ராட் வரவில்லையா என்று கேட்டான்.

“இன்னும் இல்ல தம்பி,” என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, ஹியூபேட் நல்ல நிலையிலிருந்த காரின் பிளக்கை மறுபடியும் கழற்றி, இறந்த உறவினரைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். சிப்பாய் அனுதாபத்தோடு தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போனான்.

“மாஸ்டர், இன்னொரு தரம் இவன் வந்தா கார் உண்மையாவே பழுதாயிடும்,” என்றான் ஹியூபேட்.

கதிர்காமநாதன் எதிர்வீட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பொழுது படுகிற நேரத்திலும் கறுப்புக்கண்ணாடியைக் கழற்றாதவர் அவர். துப்பறிய வருவதற்கு முன் டியூட்டரியில் அளவையியல் படிப்பித்தவர். முடிவுக்கு ஆதாரமான எடுகூற்று இரண்டு கிடைத்தால் முடிவு எடுக்காமல் விடமாட்டார். எடுகூற்று கிடைக்காவிட்டாலும் விடமாட்டார். ஹியூபேட் கொட்டாஞ்சேனைக்காரன். மாஸ்டரின் உதவியாளன். மாஸ்டருக்கு மூளை எப்படியோ, அவனுக்கு வாய் அப்படி.

“வழக்கைத் திருப்பிச் சொல்லு, ஹியூபேட்.”

“காலமையில இருந்து அதைத்தான சொல்றன்?”

“வழக்கு சொல்லச் சொல்லத்தான் தெளியும்.”

“அப்ப இந்நேரம் அடியில கிடக்கிற மண்ணே தெரிஞ்சிருக்க வேணுமே,” என்று முணுமுணுத்துவிட்டு ஹியூபேட் சொன்னான்.

எதிர்வீட்டுச் சிவபாதசுந்தரம்தான் கட்சிக்காரர். வருமானவரித் திணைக்களத்தில், மற்றவர்கள் சொல்வதை நம்பாமலிருப்பதற்கென்றே சம்பளம் வாங்கி ஓய்வுபெற்றவர். மனைவி மூத்த மகளின் பிள்ளைப்பேறு பார்க்கக் கனடாவுக்குப் போயிருந்தார். இளைய மகள் பாலேஸ்வரி விரும்பியதோ வலன்ரைனை. கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கப் பொடியன். பஞ்சிகாவத்தையில் மோட்டார் உதிரிப்பாகக் கடையில் வேலை. கிழவர் அரை மனதோடு சம்மதித்திருந்தார். மற்ற அரை மனம் ஒரு பிழையைத் தேடிக்கொண்டிருந்தது.

பிழை கிடைத்தும்விட்டது. வலன்ரைன் பின்னேரங்களில் பாலேஸ்வரியைப் பார்க்க வருவான். போகிற நேரத்தில் மோட்டார் சைக்கிள் ஸ்ராட் வராது. பற்றரி செத்திருக்கும்.

மிதித்து ஸ்ராட் பண்ண அதில் மிதியில்லை. தள்ளி ஸ்ராட் பண்ண ஒழுங்கையில் வழியில்லை. ஒரு பக்கம் காவலரண்; மறுபக்கம் ரயில் பாதை, அதற்கப்பால் கடல். ஒரு தமிழ்ப் பொடியன் இருட்டில் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு காவலரணை நோக்கி ஓடுவதை அந்த நாட்களில் எந்த வைத்தியரும் உடற்பயிற்சியாகச் சிபாரிசு செய்யவில்லை.

மிச்சம் ஒரே வழிதான். பக்கத்து வீட்டு நாகமணியின் டட்சன் காரை, இன்று இவர்கள் இரவல் வாங்கிப் பொனற்றைத் திறந்து வைத்திருந்த அதே காரை, கொண்டுவந்து, அதன் பற்றரியிலிருந்து வயர் கொடுக்க வேண்டும். ஆனால் மோட்டார் சைக்கிளின் பற்றரியோ பெற்றோல் தாங்கிக்குக் கீழே, கர்ப்பக்கிரகத்தில் இருப்பதுபோல இருந்தது. சீற்றைக் கழற்றி, பக்க மூடிகளைக் கழற்றி, தாங்கியைத் தூக்கினால்தான் தரிசனம். அத்தனையையும் வலன்ரைன் கழற்றிப் பூட்ட, பாலேஸ்வரி பக்கத்தில் ரோச் பிடித்துக்கொண்டு நிற்பாள். ரோச் வெளிச்சம் பற்றரியில் விழுவதைவிட வலன்ரைனின் முகத்தில்தான் கூட விழுகிறது என்பது கிழவரின் முறைப்பாடு.

“பொடியன் வேணுமெண்டு பற்றரியைச் சாகடிக்கிறான்,” என்று அவர் அடித்துச் சொல்லியிருந்தார். “செவ்வாய்க்கிழமையிலை மட்டும் ஸ்ராட் வரும். ஏன்? அண்டைக்குக் கொச்சிக்கடை அந்தோனியாரட்டைப் போட்டு வாறவன். கோயிலுக்குப் போன நாளிலை பொய் சொல்லப் பயம்! இண்டைக்கு வெள்ளி. நீங்கள் நிண்டு பாருங்கோ. இண்டைக்கும் பற்றரி செத்தால், சம்பந்தமும் செத்தது.”

ஹியூபேட்டை உறுத்தியது அந்தக் கடைசி வசனம்தான். வலன்ரைனும் அவனும் ஒரே கோயிற்பற்றில் ஒன்றாகப் பந்தடித்து வளர்ந்தவர்கள். பெனால்ற்றி அடிக்கும்போதுகூட எந்த மூலைக்கு அடிக்கப்போகிறான் என்பதை முகத்திலேயே காட்டிவிடுகிற ஒருவன் இத்தனை நாளாகப் பொய் சொல்வானா?

“வாறான்,” என்றார் கதிர்காமநாதன்.

வலன்ரைன் படலையைத் திறந்து, மோட்டார் சைக்கிளைப் படலையோரமாகவே நிறுத்தப் போனான். விறாந்தையிலிருந்து பாலேஸ்வரியின் குரல் வந்தது.

“அதிலை வேண்டாம்! இஞ்சாலை, நிழலிலை விடுங்கோ.”

அவன் பேசாமல் உருட்டிக்கொண்டு போய், மூலை அறை யன்னலுக்குக் கீழே, மல்லிகைக்கொடி படர்ந்த சுவரோடு விட்டான். அவள் வந்து குனிந்து, சில்லில் சிக்காதபடி கொடியை ஒதுக்கிவிட்டு அவனை உள்ளே கூட்டிப்போனாள். கொஞ்ச நேரத்தில் சிவபாதசுந்தரம் வெளியே எட்டிப் பார்த்து, வாசலிலேயே பறித்தெடுத்த மோட்டார் சைக்கிள் சாவியை மதிலுக்கு மேலால் எறிந்தார். அது ஹியூபேட்டின் நெற்றியில் இறங்கியது.

“சாவி இப்ப உங்களிட்டை. இனி அவன் லைற்றைப் போட்டுவிட்டுப் போகேலாது,” என்றார் கிழவர் அமர்ந்த குரலில். “இப்ப கறன்ற் போகும். நான் மூலை அறையிலை தியானத்திலை இருப்பன். ஆரும் குழப்பப்படாது.”

அவர் சொல்லி வாய் மூடமுன் கறன்ற் போயிற்று. அது மழையில்லாத வருடம். மின்வெட்டு ஊர்ப்பகுதி ஊர்ப்பகுதியாக முறை வைத்து வந்துபோனது. ஒழுங்கை முழுவதும் இருண்டது. மூலை அறைக் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது.

துப்பறிவாளர் இருவரும் படலைக்குள் நுழைந்தார்கள். ஹியூபேட் சாவியைப் போட்டு பட்டனை அமத்தினான். மோட்டார் சைக்கிள் ஒரே அமத்தலில் உறுமியது. உடனே நிறுத்திவிட்டான்.

“பற்றரி உயிரோடை இருக்கு,” என்றார் மாஸ்டர். “இனி இதுக்குப் பக்கத்திலை ஒரு ஈயும் வரக்கூடாது.”

ஈ வரவில்லை. நுளம்பு வந்தது. தடித்த திரை மூடிய மூலை அறை யன்னலிலிருந்து மந்திரம்போல ஒரு முணுமுணுப்பும் வந்தது. உள்ளே வரவேற்பறையில் மெழுகுதிரி வெளிச்சத்தில் வலன்ரைன் தேத்தண்ணி குடிப்பதும் பாலேஸ்வரி சிரிப்பதும் தெரிந்தது. இருவரும் நாற்காலியை விட்டு அசையவில்லை. மோட்டார் சைக்கிளின் சாவி ஹியூபேட்டின் கையில். தாங்கியின் ஆணிகளில் தூசி அப்படியே படிந்திருந்தது, யாரும் தொடவில்லை. கனநேரம் கழித்து மாஸ்டர் கையைக் காட்ட, ஹியூபேட் மறுபடியும் பட்டனை அமத்தினான்.

மோட்டார் சைக்கிள் ஒருமுறை இருமியது. அவ்வளவுதான்.

பற்றரி ஹியூபேட்டின் கண்ணுக்கு முன்னாலேயே செத்துவிட்டது. வலன்ரைனின் சம்பந்தமும் அதோடு சேர்ந்து படுத்துவிட்டது.

“பூட்டின அறைக்குள்ளை கொலை,” என்றார் கதிர்காமநாதன் மகிழ்ச்சியோடு. “முதலாம் எடுகூற்று: பற்றரியை ஒருத்தராலும் எட்டேலாது. இரண்டாம் எடுகூற்று: ஒருத்தரும் எட்டேல்லை. முடிவு—”

“ஒருக்கா பொறுங்க மாஸ்டர். நான் அமத்தக்குள்ள உள்ளுக்க ஒரு சத்தம் கேட்டிச்சு.”

அவன் மறுபடியும் பட்டனை அமத்தினான். மூலை அறைக்குள்ளிருந்து, “ஐயோ!” என்று ஒரு குரல் வந்தது.

விட்டான். அமைதி. அமத்தினான்.

“ஐயையோ!”

“மாஸ்டர், நான் இங்க அமத்த உங்கட கட்சிக்காரருக்கு அங்க நோகுது,” என்றான் ஹியூபேட்.

“தியானத்திலை ஆழமாப் போனால் அப்பிடித்தான்.”

“அப்ப லைற்றைப் போட்டுப் பாக்கிறன். ஆழம் எவ்வளவு எண்டு தெரியும்.”

அவன் முன் விளக்கைப் போட்டான். விளக்கு மங்கலாக எரிந்து, ஒழுங்கைவரைக்கும் எட்டி, காவலரணில் போய் விழுந்தது. அறைக்குள், “இப்ப தானே தீர்ப்புச் சொல்லப் போனவை! ஆரடா அது?” என்று கிழவர் அலறினார்.

ஹியூபேட் பதறி விளக்கை அணைத்துவிட்டு, தடுமாறி விழாமலிருக்க மல்லிகைக்கொடியைப் பிடித்தான். பிடித்தவன் மறுகையால் ரோச்சை அடித்துப் பார்த்தான்.

“மாஸ்டர், மல்லிகையில எத்தினை சாதி இருக்கு?”

“ஏன்?”

“இது தாய்வான் மல்லிகை. மேல எழுதியிருக்கு.”

மாஸ்டர் முதன்முறையாகக் கறுப்புக்கண்ணாடியைக் கழற்றினார். ரோச் வெளிச்சத்தில், உண்மையான கொடியோடு பின்னிப் பிணைந்து பச்சை நிற வயர் ஒன்று யன்னலுக்குள் ஏறிப் போனது. அந்த நாட்களில் ஒரு தமிழனின் வாகனத்திலிருந்து வயர் வெளியே தெரிந்தால் வெடிகுண்டென்று ஒழுங்கையே காலியாகிவிடும். வைத்தவருக்கு அது தெரிந்திருக்கிறது. ஆகையால்தான் பச்சை வயர், ஆகையால்தான் மல்லிகை.

கீழ்முனையில் வயர் ஒரு சின்னப் பிளக்கில் செருகியிருந்தது. பிளக்கின் மற்றப் பாதி பக்க மூடிக்குப் பின்னால் போனது. ஹியூபேட் அந்த மூடியின் ஒற்றை ஆணியைக் கழற்றினான். உள்ளே தீப்பெட்டியளவில் ஒரு கறுப்புப் பெட்டி. அதுதான், பட்டனை அமத்தினால் பற்றரிக் கறன்றை ஸ்ராட்டருக்கு விடும் றிலே. பற்றரியிலிருந்து வரும் தடித்த சிவப்பு வயர் நேராக அதில் வந்து ஓர் ஆணியில் சுரையோடு இறுகியிருந்தது. அதே சுரையில் பச்சை வயரின் ஒரு நரம்பு. மற்றது என்ஜின் ஆணியில்.

“பற்றரியை எட்டத் தேவையில்லை மாஸ்டர். பற்றரி தானே இங்க வந்து நிக்குது. கோயிலுக்குள்ள போகாம வாசல்லயே ஐயரைப் பிடிச்ச மாதிரி.”

கதிர்காமநாதனின் முகம் மலர்ந்தது. “அப்ப எல்லாம் சரி. செவ்வாய்க்கிழமை பற்றரி ஏன் சாகேல்லை? அந்தோனியாரால இல்லை. அண்டைக்கு வெள்ளவத்தையிலை கறன்ற் வெட்டு இல்லை! இரண்டாவது, அந்தப் பிள்ளை ‘நிழலிலை விடுங்கோ’ எண்டது. பொழுது பட்டாப் பிறகு எந்த வெயிலுக்கு நிழல்?”

மறுபேச்சுக்கு நேரமிருக்கவில்லை. பூட்ஸ் சத்தம் ஓடி வந்தது. காவலரண் சிப்பாய் துவக்கோடு படலையில் நின்றான். விளக்கடித்தது யார் என்று சிங்களத்தில் அதட்டினான். ஹியூபேட் இரண்டு கைகளையும் தூக்கினான். ஒரு கையில் திருப்புளி, மறுகையில் பச்சை வயர். இதைவிட மோசமான இரண்டு பொருட்களை அவனால் தேடியும் பிடித்திருக்க முடியாது. வாய் முதன்முறையாக அடைத்துவிட்டது.

அந்தச் சமயத்தில், சுமை குறைந்த பற்றரி தன் கடைசி மூச்சை இழுத்தது. காற்று ஒதுக்கிய யன்னல் திரைக்குப் பின்னால் நீல வெளிச்சம் தட்டுத்தடுமாறி எரிந்தது. ஒரு பெண்ணின் விசும்பல் கேட்டது.

சிப்பாயின் துவக்கு தாழ்ந்தது. “ஆ!” என்றான். “டெலி நாட்டிய!”

அவன் யன்னல் கம்பிக்குள்ளால் திரையை விலக்கி உள்ளே எட்டிப் பார்த்தான். ஹியூபேட்டும் எட்டிப் பார்த்தான். மூலை அறையில் சாமிப்படம் எதுவுமில்லை. ஒரு சின்னக் கறுப்பு வெள்ளை ரீவி. அதற்கு முன்னால், தோளில் கிடந்த துவாயால் கண்ணைத் துடைத்தபடி, ஓய்வுபெற்ற வருமானவரி உத்தியோகத்தர். மறுகணம் படம் சுருங்கி ஒரு புள்ளியாகி மறைந்தது.

“அனே!” என்று சிப்பாயும் சிவபாதசுந்தரமும் ஒரே குரலில் சிங்களத்தில் அங்கலாய்த்தார்கள்.

தான் போன கிழமை முழுக்க டியூட்டியில் நின்றதால் இந்த ரீவி நாடகத்தைப் பார்க்கவில்லை என்றும், கதாநாயகி மெனிக்கேக்கு என்ன நடந்தது என்றும் சிப்பாய் பணிவாகக் கேட்டான். சிவபாதசுந்தரம் தன்னை மறந்தார். பதவியுயர்வுக்காகப் படித்த சிங்களத்தில், மாமி மெனிக்கேமீது நகைக் களவுப் பழி போட்டதையும், புருஷன் வாயே திறக்காமல் நின்றதையும், வழக்கு நீதிமன்றம் போனதையும் ஒரு சொல் விடாமல் எடுத்துரைத்தார். சொல்லி முடித்த பிறகுதான் யன்னலில் இன்னும் இரண்டு தலைகள் நிற்பதையும், கதவைத் திறந்துகொண்டு மகளும் வலன்ரைனும் நிற்பதையும் கண்டார்.

“இது... செய்தி பாக்கிறதுக்காக,” என்றார்.

கதிர்காமநாதன் வாசலால் சுற்றி அறைக்குள் வந்தார். ஹியூபேட் பின்னால் வந்தான்.

“ஐயா, பற்றரிக் கள்ளனைப் பிடிச்சாச்சு,” என்றார் மாஸ்டர். “இந்த ரீவிக்குக் கறன்ற் எங்கையிருந்து வருது?”

“இந்தா, கார் பற்றரி. மகள்தான் பாமன்கடையிலை சார்ஜ் பண்ணி எடுத்துக்கொண்டு வாறவள்.”

ரீவி மேசைக்குக் கீழே, சரிகைக் கரை போட்ட துணி மூடி ஒரு கார் பற்றரி இருந்தது. ஹியூபேட் குனிந்து அதை ஒற்றை விரலால் தூக்கிக் காட்டினான்.

“ஐயா, இதுக்குள்ள ஈயமும் இல்ல, அசிட்டும் இல்ல. அப்பளப் பெட்டி இதைவிடப் பாரம்.”

“அப்ப...?”

“உங்கடை மெனிக்கே இவ்வளவு நாளும் அழுதது வலன்ரைன்ரை மோட்டார் சைக்கிள் கறன்றிலை,” என்றார் கதிர்காமநாதன். “சாகடிச்சது பொடியன் இல்லை. சாகச் சாகக் குடிச்சது நீங்கள்.”

சிவபாதசுந்தரம் கதிரையில் இருந்தார். மற்றவர்களின் வருமானத்தை ஆயுள் முழுவதும் தோண்டியவருக்குத் தன் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த இந்த வருமானம் தெரியாமல் போய்விட்டது. மெல்ல மகளைப் பார்த்தார்.

பாலேஸ்வரி தலையைக் குனியவில்லை.

“கார் பற்றரி எப்பவோ செத்துப் போச்சு அப்பா. அண்டைக்கு நாடகம் பாக்கேலாமல் போக நீங்கள் சோறு வேண்டாமெண்டு படுத்திட்டியள். அம்மாவும் இல்லை. நான் என்ன செய்யிறது? யாழ்ப்பாணத்திலை சைக்கிள் டைனமோவிலை ரேடியோ கேட்ட ஆக்கள்தானே நாங்கள்.”

“வயர் பூட்டத் தெரிஞ்ச பிள்ளைக்கு, பற்றரி சாகும் எண்டு தெரியாதோ?” என்றார் கிழவர்.

“தெரியும்.”

“தெரிஞ்சுமோ?”

“செத்தால் அவர் கொஞ்ச நேரம் கூட நிப்பார்,” என்றாள் அவள், அரிசி விலை சொல்வதுபோல.

யன்னலில் நின்ற சிப்பாய்க்குத் தமிழ் விளங்கவில்லை. ஆனாலும் சிரித்தான்.

“மிச்சக் கதையைப் பிறகு கதைக்கலாம்,” என்று எழுந்தார் கதிர்காமநாதன். முடிச்சு அவிழ்த்த கையோடு ஒரு வித்தையும் காட்டாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. “ஹியூபேட், நாகமணியற்றை காரைக் கொண்டு வா. தாங்கி கழட்டாமல் ஸ்ராட் பண்ணிக் காட்டுறன்.”

ஹியூபேட் போய் டட்சனில் ஏறிச் சாவியைத் திருப்பினான். பழுதென்று நின்ற அது உடனே ஸ்ராட் ஆனதைக் கண்ட சிப்பாயின் புருவம் ஏறியது. காரைப் படலைக்குள் விட்டு, என்ஜினை அணைத்துவிட்டு, ஹியூபேட் வயரை எடுத்தான். சிவப்புக் கவ்வியைக் காரின் பற்றரியில் ஒன்று, மோட்டார் சைக்கிளின் றிலேச் சுரையில் ஒன்று. கறுப்பைக் காரின் பற்றரியில் ஒன்று, மற்றதை என்ஜினின் வெறும் இரும்பில். பட்டனை அமத்தினான்.

மோட்டார் சைக்கிள் உறுமியது. ஒருவர் வெற்றிலை மடிக்கும் நேரம்கூட ஆகவில்லை.

எல்லோரும் கைதட்டினார்கள். வலன்ரைன் மட்டும் தட்டவில்லை. அவன் முகம் செத்திருந்தது. அதைக் கண்டதும் ஹியூபேட்டின் மனத்துக்குள் ஏதோ சறுக்கியது. பஞ்சிகாவத்தை. உதிரிப்பாகக் கடை. நாள் முழுக்க றிலே விற்கிற ஒருவனுக்கு, றிலே எங்கே இருக்கிறதென்று தெரியாதா? அந்தச் சுரையில் கிடந்த பச்சை வயரை அவன் கண்டதேயில்லையா?

பெனால்ற்றி முகம். எந்த மூலை என்பது அப்படியே எழுதியிருந்தது.

ஹியூபேட் வாயை மூடிக்கொண்டான். அவனுடைய வாழ்க்கையில் அது இரண்டாவது தடவை; இரண்டும் ஒரே பின்னேரத்தில். ஆனால் ஆயுள் முழுவதும் நம்பாமலிருந்த மனிதர் ஒருவர் அங்கே நின்றார்.

“பொறும்,” என்றார் சிவபாதசுந்தரம். விறாந்தைப் படியில் நின்று வலன்ரைனை மேலும் கீழும் பார்த்தார். “ஒரு ஆணி கழட்டினால் போதுமெண்டால், இவ்வளவு நாளும் என்ன மசிருக்கு அந்தத் தாங்கியைக் கழட்டிப் பூட்டினீர்? நீர் மோட்டார் சாமான் கடையிலை தானே வேலை?”

வலன்ரைன் கழற்றிய ஆணியை எடுத்துத் துடைத்தான். பாலேஸ்வரி தந்தையை அல்ல, நிலத்தைப் பார்த்தாள். ஹியூபேட் மனத்துக்குள் அந்தோனியாரைக் கூப்பிட்டான். மாஸ்டர் கறுப்புக்கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். அவருடைய எடுகூற்றுகளில் இது இருக்கவில்லை.

“கேட்டதுக்குப் பதில் சொல்லும்! நீர் தெரிஞ்சுகொண்டுதானே—”

அப்போது, ஓடுகிற என்ஜின் கொடுத்த கறன்றில், மூலை அறை யன்னலில் நீல வெளிச்சம் மெல்லப் பரவியது. விளம்பரம் முடிந்த அடையாளமாக மேளம் ஒன்று அதிர்ந்தது. நீதவானின் கனத்த குரல் சிங்களத்தில் தீர்ப்பை வாசிக்கத் தொடங்கியது.

“மாத்தயா!” யன்னலில் நின்ற சிப்பாய் கையை வீசிக் கூப்பிட்டான். “தீந்துவ! எண்ட, எண்ட!” தீர்ப்பாம், வரட்டாம்.

சிவபாதசுந்தரத்தின் ஒரு கால் வலன்ரைனை நோக்கி இருந்தது. மறுகால் யன்னலை நோக்கித் திரும்பியது. அரை மனம் அங்கும் அரை மனம் இங்குமாக அவர் ஒரு கணம் நின்றார். மோட்டார் சைக்கிள் தாளம் தப்பி ஒருமுறை முனகியது. நீதவானின் குரல் கம்மியது.

“என்ஜினை நூர விட்டிடாதையும் தம்பி! கொஞ்சம் முறுக்கும்!” என்று கிழவர் பதறினார்.

வலன்ரைன் பாய்ந்துபோய் முறுக்கினான். குரல் தெளிந்தது. மெனிக்கே குற்றமற்றவள் என்று நீதவான் சொன்னார். சிப்பாய் துவக்கைச் சுவரில் சாத்திவிட்டுக் கண்ணைத் துடைத்தான். சிவபாதசுந்தரமும் துடைத்துக்கொண்டார். துவாயைத் தோளில் போட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது அவருடைய கேள்வி மாறியிருந்தது.

“கலியாணத்துக்குப் பிறகு இந்த மோட்டார் சைக்கிள் இஞ்சை தானே நிக்கும்?”

வலன்ரைன் முறுக்கிய கையை விடாமலே சொன்னான்.

“ஓம் மாமா. நிழல்லயே விடுறன்.”